உடந்தை: யாருக்கு யார்?

அக்டோபர் 2 கிராமசபைக்கு ஒரு மனு எழுத உட்கார்ந்தோம். விஷயம் ஒன்றும் சிக்கலானதில்லை. ஊர்க் குளத்தின் கரையை இடித்து மண் அள்ளியிருக்கிறார்கள். ராத்திரி லாரி வந்து போனதை ஊரே பார்த்திருக்கிறது. தடுக்க வேண்டியவர்கள் மட்டும் பார்க்கவில்லை. ‘இதற்குச் சில அதிகாரிகளும் உடந்தை’ என்று நான் எழுதினேன். பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் என் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

“மக்களே, அந்த உடந்தைய வெட்டு. அது வடமொழியாக்கும். நல்ல தமிழ்ல எழுது.”

சாயா வைத்துவிட்டுப் போன சாயாக்கடை அக்கா, போகிறபோக்கில் தன் தீர்ப்பைச் சொன்னார்: “கூட்டுன்னு எழுதுங்க சாரே. எல்லாவனும் கூட்டு நிக்கானுவ.”

இரண்டு பேர், இரண்டு சொல். மனு அப்படியே நின்றுபோனது. அன்று இரவு அகராதியைப் புரட்டியதில் கிடைத்ததுதான் இது.

சார் சொன்னது சரியில்லை. உடந்தை தமிழ்ச் சொல். வேர், ‘உடன்’. கூட, சேர்ந்து என்று பொருள். உடன்பிறப்பு, உடன்பாடு, உடன்படிக்கை, காதலனோடு பெண் வீட்டைவிட்டுப் போவதற்குச் சங்கப் பாடல்கள் வைத்த உடன்போக்கு, எல்லாம் அதே குடும்பம். நம் குமரிப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் ஒப்பந்தம் என்ற பொருளில் வரும் ‘உடம்படி’யும் இதன் சொந்தக்காரன்தான். மலையாளத்தில் ‘உடன்’ என்றால் இப்போது பெரும்பாலும் ‘உடனே’ என்ற பொருள்தான். தமிழில் இரண்டு பொருளும் உயிரோடு இருக்கின்றன.

பழைய அகராதிகளில் உடந்தைக்கு உறவு, கூட்டு என்ற பொருளும் இருக்கிறது. அந்தப் பொருளில் ஒரு குற்றமும் இல்லை. ஒரே குடும்பம், ஒரே கூட்டம், அவ்வளவுதான். குற்றத்தில் கூட்டு என்ற பொருள் பக்கத்திலேயே வளர்ந்து, பிறகு மற்றதை விழுங்கிவிட்டது. இன்று ‘நானும் அவரும் உடந்தை’ என்று யாராவது சொன்னால், சொந்தக்காரர்கள் என்று நினைக்க மாட்டோம். என்ன வழக்கு என்று கேட்போம்.

இந்தத் துறையின் மற்றச் சொற்களைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. லஞ்சம், பாலியிலும் பிராகிருதத்திலும் ‘லஞ்ச’ என்று இருந்தது. மாமூல் அரபு, வழக்கமாக நடப்பது என்று பொருள். பினாமி பாரசீகம், ‘பே’ என்றால் இல்லாமல், ‘நாம்’ என்றால் பெயர். ஜாமீனும் அந்த வழியாக வந்ததுதான். ஆக, வாங்குவதும் ஒளிப்பதும் வெளியே வருவதும் இரவல் சொற்கள். ஊழல் மட்டும் நம்முடையது. ஊழ்த்தல் என்றால் முதிர்தல், முதிர்ந்து அழுகி உதிர்தல். அப்புறம் இந்த உடந்தை. அழுகுவதற்கும் கூட நிற்பதற்கும் நாம் யாரிடமும் கடன் வாங்கவில்லை.

லஞ்சத்துக்குத் தமிழில் கையூட்டு என்று எழுதுகிறோம். குமரி மாவட்டத்தில், அதிலும் கல்குளம், விளவங்கோடு பக்கம், கைக்கூலி என்றும் கைமடக்கு என்றும் கேட்கலாம். கைமடக்கு எனக்குப் பிடித்த சொல். நோட்டை நாலாக மடித்து, கை குலுக்குவதுபோல் கொடுத்துவிட்டு வருகிற காட்சி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

சரி, உடந்தைக்கு மாற்றாகச் சொல்லப்படுபவை என்ன? ‘துணைபோதல்’ நல்ல சொல், ஆனால் அதில் ஒரு நடை இருக்கிறது. கூடப் போனவரைத்தான் அது குறிக்கும். ‘கூட்டுக்களவாணி’ என்றால் பங்கு சமம். அக்கா சொன்ன ‘கூட்டு நிற்றல்’தான் மிக நெருக்கம். போகவும் வேண்டாம், தொடவும் வேண்டாம். பக்கத்தில் நின்றால் போதும். மனுவில் எழுதினால் திருநெல்வேலி தாண்டிப் புரியாதே என்று தயங்கித்தான் நான் உடந்தையிலேயே நின்றேன்.

இந்த ‘உடன்’ யாரோடு ஒட்டும் என்பதற்குத் தமிழ் இலக்கணத்தில் ஒரு விதியே உண்டு. ‘ஒருவினை ஒடுச்சொல் உயர்பின் வழித்தே’ என்கிறது தொல்காப்பியம். இரண்டு பேர் சேர்ந்து ஒரு காரியம் செய்தால், ‘ஓடு’ என்ற உருபு உயர்ந்தவர் பெயரோடுதான் சேரும். ‘அரசனோடு சேவகர் வந்தார்’ என்பதே முறை. சேவகரோடு அரசன் வர மாட்டான். அந்த நூலை அரங்கேற்றத்தில் கேட்டவர் அதங்கோட்டாசான் என்று அதன் பாயிரம் சொல்கிறது. விளவங்கோடு தாலுகாவில் இருக்கும் அதங்கோடுதான் அவர் ஊர் என்று இங்கே உள்ளவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அந்தப் பெருமைக்காகவாவது இந்த விதியை நாம் ஞாபகம் வைத்திருக்கலாம்.

ஏனென்றால் செய்தித்தாளில் நடப்பது நேர் எதிர். ‘மணல் கடத்தல்: கீழ்நிலை ஊழியர்கள் உடந்தை’ என்று வரும். யாருக்கு உடந்தை என்று வராது. உடன் என்று சொன்னாலே இன்னொருவர் இருந்தாக வேண்டும். அந்த இன்னொருவர் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறார். பெரிய ஆளைப் பற்றி எழுத நேர்ந்தாலோ தலைப்பு ‘உடந்தையா?’ என்று மாறிவிடும். காவலருக்கு முற்றுப்புள்ளி, வலிய ஆளுக்குக் கேள்விக்குறி. கவனித்துப் பாருங்கள்.

மேலே இருக்கிறவர்களின் உடந்தை எப்படி இருக்கும் என்று பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டாம். 1799இல், நம் குமரியும் சேர்ந்திருந்த திருவிதாங்கூர் அரசு மூன்று பேர் கையில் இருந்தது. நிர்வாகம் ஜெயந்தன் சங்கரன் நம்பூதிரியிடம். நிதி சங்கரநாராயணன் செட்டியிடம். வியாபாரமும் குத்தகையும் மாத்து தரகனிடம். ராஜா பாலராம வர்மாவுக்கு வயது குறைவு. கஜானா காலி. அதை நிரப்ப, ஊர் ஊராக ஆளுக்கு இவ்வளவு என்று தொகை விதித்து, கட்டாதவர்களை வதைத்தார்கள். இரணியல் காரியக்காரராக, அதாவது தாசில்தார் போன்ற அதிகாரியாக இருந்த தலக்குளத்து வேலாயுதன் தம்பிக்கும் ஒரு தொகை வந்தது. வேலுத்தம்பி என்று பிறகு பெயர் பெற்றவர். மூன்று நாளில் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பினார்.

இந்த மூன்று நாளைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். அவரும் அரசாங்க ஆள்தான். அந்தத் தொகையைக் குடிகளிடம் பிடுங்கிக் கட்டியிருந்தால் அவர் பதவி நிலைத்திருக்கும். உடந்தைப் பட்டியலில் நான்காவது பெயராகவும் ஆகியிருப்பார். அவர் செய்தது வேறு. நாஞ்சில் நாட்டிலும் சுற்று ஊர்களிலும் ஆள் திரட்டி, திருவனந்தபுரம் கோட்டை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். கூட்டத்தின் கோரிக்கைகள் தெளிவாக இருந்தன. நம்பூதிரியை நீக்கி நாடுகடத்த வேண்டும், திரும்ப அழைக்கவே கூடாது. மற்ற இருவரையும் எல்லோர் முன்னாலும் கசையால் அடித்துக் காதை அறுக்க வேண்டும். உப்பு வரியையும் மற்றக் கொடும் வரிகளையும் எடுக்க வேண்டும். ராஜா ஒத்துக்கொண்டார். தண்டனை நடந்தது.

காது அறுப்பதை நான் நியாயம் என்று சொல்ல வரவில்லை. பின்னால் தளவாய், அதாவது தலைமை அமைச்சர் ஆன வேலுத்தம்பியின் தண்டனைகளும் கொடூரமானவையே. ஆனால் அந்தக் கோரிக்கைப் பட்டியலில் கீழே உள்ள ஒரு கணக்குப்பிள்ளை பெயர்கூட இல்லை. ‘ஓடு’ உருபு சரியான இடத்தில் ஒட்டியிருந்தது.

இன்றைய சட்டத்துக்கு வருவோம். இந்திய தண்டனைச் சட்டத்தில் 107ஆம் பிரிவாக இருந்ததே, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 45ஆம் பிரிவு. மூன்று விதமாக ஒருவர் உடந்தை ஆகலாம்: தூண்டிவிடுதல், சதியில் சேர்ந்து அதன்படி ஏதாவது நடத்துதல், தெரிந்தே உதவுதல். மூன்றாவதில்தான் சூட்சுமம். உதவி என்பது செய்வதாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. சட்டப்படி செய்ய வேண்டியதைத் தெரிந்தே செய்யாமல் விடுவதும் உதவிதான். இதன்படி, ராத்திரி லாரியைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட பெட்டிக்கடைக்காரர் உடந்தை இல்லை, பயந்தவர், அவ்வளவுதான். தடுப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் வேண்டுமென்றே கதவைச் சாத்தினால் கதை வேறு. ஊரில் கோபம் வரும்போது இந்த இரண்டு பேரையும் ஒரே சொல்லால் அடித்துவிடுகிறோம். அதில் யாருக்கு லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அரசுப் பதவியே இல்லாதவர் ஊழலுக்கு உடந்தை ஆக முடியுமா? முடியும். தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரிந்த வழக்கே சாட்சி. ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கில் பெங்களூரு தனி நீதிமன்றம் 2014 செப்டம்பர் 27 அன்று நான்கு பேருக்கும் 4 ஆண்டு சிறை விதித்தது. மற்ற மூவரான சசிகலா, இளவரசி, சுதாகரன் அரசுப் பதவியில் இல்லாதவர்கள். உடந்தையும் சதியும்தான் அவர்கள் மேலான குற்றம். 2015இல் கர்நாடக உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்து மூவரையும் சிறைக்கு அனுப்பியது. முதல் எதிரியான ஜெயலலிதா 2016 டிசம்பரிலேயே இறந்துவிட்டிருந்தார். ‘உடன்பிறவாச் சகோதரி’ என்று மேடைகளில் கேட்ட சொல்லும், தீர்ப்புச் செய்திகளில் படித்த ‘உடந்தை’யும் ஒரே வேரில் முளைத்தவை என்று அந்த நாட்களில் யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. எழுதியிருந்தாலும் அடுத்த நாள் ஆபீஸ் கண்ணாடி தப்பியிருக்குமா என்பது வேறு விஷயம்.

யார் உடந்தை என்ற கேள்வியை இன்னும் ஒருபடி மேலே கொண்டுபோன ஒருவர் உண்டு. 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுப் போராடியவர்கள் மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் பிரஜா சோசலிஸ்ட் கட்சி ஆட்சி. முதல்வர் பட்டம் தாணுபிள்ளை. அதே கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா, தன் கட்சி அரசே பதவி விலக வேண்டும் என்று கேட்டார். பட்டம் விலகவில்லை. கட்சி லோகியாவைக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டே அவர் பிரிந்துபோய்த் தனிக் கட்சி தொடங்கினார். பட்டம் ஆட்சி 1955 பிப்ரவரியில் கவிழ்ந்தது. கவிழ்ந்த காரணம் வேறு. சுட்டது போலீஸ்தானே என்று லோகியா இருந்திருக்கலாம். அந்த அரசைத் தாங்கும் கட்சியும் கூட்டு நிற்கிறது என்றுதான் அவர் பார்த்தார். எங்கள் மண்ணில் நடந்த இதை மேடையில் சொல்ல எந்தக் கட்சிக்கும் வசதிப்படுவதில்லை.

கடைசியாக, உடந்தைக்கு எதிர்ப்புறம் நிற்கும் சொல். பதில் சொல்லும் கடமையை இலங்கைத் தமிழர்கள் பொறுப்புக்கூறல் என்கிறார்கள். இங்கே பொறுப்புடைமை என்று எழுதுகிறோம். எனக்குப் பொறுப்புக்கூறல்தான் மேல். பொறுப்பு உடையவராகச் சும்மா இருக்கலாம், கூறுவதற்கு வாய் திறக்க வேண்டும். ஆனால் குமரியின் மேற்குப் பக்கம் இதற்கு ஒரு பழைய சொல் உண்டு: சமாதானம். “இதுக்கு ஆரு சமாதானம் பறைவா?” என்றால், யார் பதில் சொல்வார்கள் என்று அர்த்தம். பழைய உரையாசிரியர்களும் ஒரு தடையை எழுப்பி அதற்குச் சமாதானம் சொல்வார்கள்; இது அதே பொருள்தான்.

சாரிடம் மறுநாள் அகராதியைக் காட்டினேன். கண்ணாடியை இறக்கிப் பார்த்தவர், “அப்பம் இருக்கட்டும்” என்றார். ஆனால் வாக்கியத்தை மாற்றச் சொன்னார். ‘சில அதிகாரிகளும்’ போனது. மண் அள்ள அனுமதி கொடுத்தது யார், லாரி யாருடையது, கரையைக் காக்க வேண்டிய பொறுப்பு எந்தப் பதவிக்கு, இவர்களில் யார் யாருக்கு உடந்தை என்று நாலு கேள்வியாக ஆனது.

கிராமசபையில் மனுவை வாசித்து முடித்தேன். அக்கா எழுந்து, “இதுக்கு ஆராவது சமாதானம் சொல்லணும்” என்றார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் சிரித்துக்கொண்டே, “கண்டிப்பா, எல்லாரும் சமாதானமா போயிரலாம்” என்றார்.

“நான் கேட்டது அந்தச் சமாதானம் இல்ல” என்று சொல்லிவிட்டு அக்கா உட்காரவில்லை. தீர்மானப் பதிவேட்டில் நாலு கேள்வியும் ஏறும்வரை நின்றுகொண்டே இருந்தார்.