கர்ப்பிணியின் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு எண் ஏறியிருந்தால்

கோத்தகிரி, குன்னூர் பக்கத்து எஸ்டேட்களிலிருந்து வரும் கர்ப்பிணிகளில் சிலர் கல்லீரல் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கலங்கிப்போய் வருகிறார்கள். ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியின் வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். அதற்குள் வீட்டில் மஞ்சள் காமாலை என்று முடிவுகட்டி, கீழாநெல்லி கொடுத்து, முட்டை, மீன், எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பார்கள். எட்டாம் மாதத்தில் இப்படிப் பத்தியம் இருந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் சத்து எங்கிருந்து வரும்?

அந்த நொதி கல்லீரலுக்கு மட்டும் உரியதல்ல. எலும்பிலும் நஞ்சுக்கொடியிலும் உண்டு. கடைசி மூன்று மாதங்களில் நஞ்சுக்கொடியிலிருந்து வருவதும் சேர்ந்து, அளவு இரண்டு மடங்காகும். சிலருக்கு அதற்கு மேலும் போகும். பிரசவமான சில வாரங்களில் தானே இறங்கிவிடும். மளமளவென்று உயரும் வயதுப் பிள்ளைகளுக்கும், முறிந்த எலும்பு கூடிவருபவர்களுக்கும் இதே நொதி ஏறும். லேப் அச்சிடும் எல்லை பெரும்பாலும் கர்ப்பமில்லாத பெரியவர்களுக்கானது.

அதே ரிப்போர்ட்டில் வரும் எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி என்ற இரண்டு நொதிகளின் விஷயம் வேறு. இவை கல்லீரல் செல்லுக்குள் இருப்பவை. செல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கசியும். கர்ப்பம் என்ற ஒரே காரணத்தால் இவை ஏறாது. ஏறினால், ‘மாசமாக இருந்தால் இப்படித்தான்’ என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். தடிப்பே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் அரித்தால் பித்தநீர்த் தேக்கமாக இருக்கலாம். அது வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. வலப்பக்க மேல்வயிற்று வலி, விடாத தலைவலி, ஏறிய பிரஷர் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அசுத்தத் தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் இ என்ற கல்லீரல் நோய், மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே குணமாகும். நிறைமாதத்தில் தாயின் உயிரையே பறிக்கலாம்.

நம் மலையில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. காய்ச்சலோடு எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி இரண்டும் ஏறினால் உண்ணிக்காய்ச்சலாகவும் இருக்கலாம், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். உண்ணிக்காய்ச்சல் என்றால், கொழுந்து பறிக்கவும் விறகெடுக்கவும் புதருக்குள் போகிறவர்களை நுண்ணிய பூச்சி கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத கருப்புப் பொருக்கு இருக்கும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் மார்பின் அடியிலும் இருப்பதால் பெண்கள் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். எல்லோருக்கும் அந்தப் பொருக்கு இருக்காது என்பதும் உண்மை. இருந்தால் நர்ஸிடமாவது காட்டுங்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும், கர்ப்பிணிகளுக்கு ஏற்ற மருந்தும் உண்டு.

அப்புறம், ரிப்போர்ட்டைக் காட்டும்போது எத்தனையாவது மாதம், என்ன கஷாயம் குடித்தீர்கள், காய்ச்சலுக்கு எத்தனை பாராசிட்டமால் போட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அளவு மீறிய பாராசிட்டமாலும் கல்லீரலைக் கெடுக்கும்.