பிடிக்காத சுவை எப்படிப் பிடித்துப்போகிறது?

இதுவரை உண்டறியாத ஒரு பண்டம் தட்டில் வைக்கப்படும்போது உடல் என்னென்ன செய்கிறது என்பதைச் சற்றுக் கூர்ந்து கவனித்துப் பாருங்கள். கண் அதை உற்றுப் பார்க்கிறது. கை ஓரத்திலிருந்து ஒரு சிறு துண்டை மட்டும் கிள்ளி எடுக்கிறது. அந்தத் துண்டு வாயை அடைவதற்கு முன் மூக்கருகே ஒரு கணம் நிற்கிறது. வாய்க்குள் போன பிறகும் அது நாக்கின் நுனியிலேயே தங்கியிருக்க, பற்கள் தயங்கித் தயங்கி மெல்கின்றன. பிடிக்காவிட்டால் துப்பிவிடுவதற்கு வசதியாகவே இந்த ஏற்பாடுகள் எல்லாம் நடக்கின்றன. இதை நமக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

எலியும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. புதிய தீனியைக் கண்டால் கொஞ்சம் கொறித்துவிட்டு விலகி, உடம்புக்கு ஏதும் ஆகிறதா என்று தெரியும் வரை அதை மீண்டும் தொடாமல் இருக்கும். எலியால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், அதற்கு இந்த எச்சரிக்கை உயிர் காக்கும் விஷயம். எலிகளை ஒழிக்க இன்று பரவலாகப் பயன்படும் மருந்துகள், இரத்தம் உறையாமல் தடுத்துச் சில நாட்கள் கழித்தே கொல்லும் வகையைச் சேர்ந்தவையாக இருப்பதற்கும் இதுவே முக்கியமான காரணம்: தின்றவுடன் உடல்நிலை கெட்டால், பிழைத்துக்கொண்ட எலி அந்தத் தீனியின் பக்கமே மறுபடி வராது.

யூகலிப்டஸ் இலையைத் தின்று வாழும் கோலாவுக்கு இந்தக் கவலை கிடையாது. அதற்கு எது உணவு என்பது பெரும்பாலும் பிறவியிலேயே முடிவாகிவிட்டது. எதையும் தின்று வாழக்கூடிய எலிக்கும் மனிதனுக்கும்தான் சிக்கல். புதிய உணவைத் தேடிப் போகாவிட்டால் பட்டினி கிடக்க நேரும். தேடிப் போனால் நஞ்சில் மாட்டிக்கொள்ள நேரும். உளவியலாளர் பால் ரோசின் 1976இல் அனைத்துண்ணிகளின் இக்கட்டு என்று குறிப்பிட்டது இந்த இருதலைக்கொள்ளி நிலையைத்தான். புதிய உணவின் முன் நாம் உணரும் ஆவலும் அருவருப்பும் ஒரே சமயத்தில் எழுவதில் வியப்பில்லை.

வாய்க்குள் போன துண்டைப் பரிசோதிக்கும் கருவிகள் இரண்டு. நாக்கு அறிவது மிகக் கொஞ்சம்: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றோடு, ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா 1908இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தறிந்து உமாமி என்று பெயரிட்ட சுவை. இவற்றுள் கசப்புக்கு மட்டும் மனிதனிடம் ஏறத்தாழ 25 வகை ஏற்பிகள், அதாவது சுவையை உணர்ந்து அறிவிக்கும் புரதங்கள், இருக்கின்றன. தாவர நஞ்சுகளில் பல கசப்பானவை என்பதை நினைத்துப் பார்த்தால், வாசலில் இத்தனை காவலர்கள் நிற்பதன் பொருள் விளங்கும். இரண்டாவது கருவி மூக்கு. அதில் சுமார் 400 வகை மண ஏற்பிகள் உள்ளன; இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது.

உணவின் ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் மணம். மெல்லும்போது எழும் ஆவி தொண்டையின் பின்புறமாக ஏறி மூக்கை அடைகிறது. மூளையோ அதை வாயில் உணர்ந்ததாகவே கணக்கு வைத்துக்கொள்கிறது. இதைச் சோதிக்க ஒரு பழமிட்டாய் போதும். கண்ணையும் மூக்கையும் இறுக மூடிக்கொண்டு அதை வாயில் போட்டால் இனிப்பும் சிறிது புளிப்பும் மட்டுமே தெரியும். ஆரஞ்சா ஸ்ட்ராபெரியா என்று சொல்ல முடியாது. அரை நிமிடம் கழித்து மூக்கை விடுவித்து மூச்சை வெளியே விட்டால், அந்தப் பழம் திடீரென்று நாக்கின் மேல் வந்து உட்கார்ந்தது போல் இருக்கும். உண்மையில் நாக்கில் எதுவுமே மாறவில்லை. முதன்முறை செய்து பார்ப்பவர்கள் கட்டாயம் சிரிப்பார்கள்.

இந்த இரண்டு கருவிகளுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. நாக்கின் விருப்பு வெறுப்புகள் பெருமளவு பிறவியிலேயே வருபவை. பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தையின் நாக்கில் இனிப்பு நீரைத் தொட்டு வைத்தால் அதன் முகம் தளர்ந்து சப்புக்கொட்டும்; கசப்பைத் தொட்டு வைத்தால் வாயைக் கோணி நாக்கை வெளியே தள்ளும். மூக்கின் விருப்பங்களோ பெரும்பாலும் கற்றுக்கொள்பவை, அந்தக் கல்வி கருப்பையிலேயே தொடங்கிவிடுகிறது. ஜூலி மெனெல்லாவும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலோ பாலூட்டும் முதல் மாதங்களிலோ கேரட் சாறு குடித்து வந்த தாய்மார்களின் குழந்தைகள், பின்னர் கேரட் கலந்த கூழைச் சாதாரணக் கூழைக் காட்டிலும் முகச்சுளிப்புக் குறைவாக ஏற்றுக்கொண்டன. பனிக்குட நீரும் தாய்ப்பாலும் தாயின் உணவு மணங்களைச் சுமந்து செல்வதால், அக்குழந்தைகளுக்கு அது புதிய உணவாகவே இல்லை.

அப்படி ஆர்வமாகத் தின்று வந்த குழந்தை, நடக்கத் தொடங்கிச் சில காலத்தில், ஏறத்தாழ 2 வயதில், திடீரென்று எதையும் தொட மாட்டேன் என்று அடம்பிடிக்கும். இது 5, 6 வயது வரை நீடிப்பதும் உண்டு. கைக்கு எட்டியதை எல்லாம் தானே எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் வலிமை வரும் பருவத்திலேயே புதுமையச்சமும் தலைதூக்குவது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை என்று பலர் கருதுகிறார்கள். பிரிட்டனில் 8 முதல் 11 வயது வரையுள்ள 5,390 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வு, இந்த அச்சத்தில் குழந்தைக்குக் குழந்தை காணப்படும் வேறுபாட்டில் 78 விழுக்காடு மரபு சார்ந்தது என்று கணித்தது. பிள்ளையைச் சரியாக வளர்க்கவில்லை என்று சாப்பாட்டு நேரத்தில் தம்மைத் தாமே நொந்துகொள்ளும் பெற்றோர் இந்த எண்ணைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இவை எல்லாம் வாசற்கதவு வரையுள்ள கதை. விழுங்கிய பின்தான் உண்மையான பரிசோதனை தொடங்குகிறது. ஜான் கார்சியா 1955இல், இனிப்பூட்டிய நீரைக் குடித்த எலிகளுக்குக் கதிர்வீச்சின் மூலம் உடல்நலக் குறைவை உண்டாக்கினார். அதன்பின் அந்த எலிகள் இனிப்பு நீரை ஒதுக்கத் தொடங்கின. ஒரே ஒரு அனுபவம் போதுமானதாக இருந்ததும், சுவைக்கும் குமட்டலுக்கும் இடையே மணிக்கணக்கில் இடைவெளி இருந்தாலும் மூளை இரண்டையும் முடிச்சுப் போட்டதும் அக்கால உளவியலாளர்கள் பலரால் நம்பவே முடியாதவையாக இருந்தன. 1966இல் அவர் ராபர்ட் கோலிங்குடன் சேர்ந்து செய்த சோதனை இன்னும் சுவையானது: குமட்டலுக்கு எலிகள் சுவையின் மேல் பழி போட்டன, ஒளியையும் ஒலியையும் விட்டுவிட்டன, மின்னதிர்ச்சிக்கோ ஒளியையும் ஒலியையுமே குற்றவாளியாக்கின. வயிற்றில் நேர்ந்த கேட்டுக்கு வாயில் போனதுதான் காரணமாக இருக்கும் என்ற அனுமானம் மூளையில் முன்கூட்டியே பொதிந்திருக்கிறது.

இந்த அனுமானம் தவறாகவும் போகும். சிறுவயதில் அன்னாசிப்பழம் தின்ற அன்று இரவு எனக்குக் கடுங்காய்ச்சலும் வாந்தியும் வந்தன. காய்ச்சலைக் கொண்டுவந்தது வேறு ஏதோ கிருமி என்பது அறிவுக்கு நன்றாகத் தெரிந்தும், அந்தப் பழத்தின் மணம் வந்தாலே அடிநாக்கில் உமிழ்நீர் ஊறி வயிறு புரளும். இந்த வகைக் கற்றலுக்கு நம் பகுத்தறிவின் ஒப்புதல் தேவைப்படுவதில்லை.

வயிறு சான்று சொல்வது வெறுப்புக்கு மட்டுமன்று, விருப்பத்துக்கும்தான். 1980களில் அந்தோனி ஸ்க்லஃபானி எலிகளுக்கு இரண்டு வேறு மணமூட்டிய நீரைக் கொடுத்தார். ஒன்றைக் குடிக்கும்போது சர்க்கரை வகைக் கரைசல் குழாய் வழியாக நேரே வயிற்றுக்குச் சென்றது, மற்றதைக் குடிக்கும்போது வெறும் நீர் சென்றது. வாயில் இனிப்பே படவில்லை. ஆனாலும் சில நாட்களில் எலிகள் ஆற்றலோடு சேர்ந்து வந்த மணத்தையே மிகுதியாக நாடின. குடலின் உணர்விகள் வேகஸ் நரம்பின் வழியாகவும் பிற வழிகளிலும் மூளைக்குச் செய்தி அனுப்ப, முன்பு பொருளற்றதாக இருந்த ஒரு மணத்துக்கு மதிப்பு ஏறிவிடுகிறது. கசப்பான காபி விருப்ப பானமாக மாறுவதும் ஓரளவு இப்படித்தான்: காஃபீன் தரும் தெளிவோடு அதன் மணம் மீண்டும் மீண்டும் இணைகிறது.

ஆகவே முதல் கவளத்தில் கிடைக்கும் விடை முழுமையானது ஆகாது. வயிற்றின் அறிக்கை இன்னும் வந்து சேரவில்லை. தின்றும் தீங்கு நேரவில்லை என்ற செய்தி ஒவ்வொரு முறையும் வந்து சேரச் சேர, எச்சரிக்கை மெல்லத் தளர்கிறது. ராபர்ட் சயான்ஸ் 1968இல், பொருளற்ற சொற்களையும் முகங்களையும் அடிக்கடி பார்ப்பதே அவற்றின் மேல் விருப்பத்தை உண்டாக்கும் என்று காட்டினார். உணவுக்கும் அது பொருந்துகிறது. லியான் பர்ச் 1982இல் 2 வயதுக் குழந்தைகளுக்கு அறிமுகமில்லாத பாலாடைக்கட்டி வகைகளை 2 முதல் 20 முறை வரை கொடுத்துப் பார்த்தபோது, அதிக முறை சுவைத்த வகையையே அவை அதிகம் விரும்பின. அதே ஆண்டில் பட்ரிசியா ப்ளைனர் வளர்ந்தவர்களிடம் புதிய பழச்சாறுகளைக் கொண்டு ஏறத்தாழ இதே முடிவைக் கண்டார். பெற்றோர் பலர் நான்கைந்து முறை கொடுத்துப் பார்த்துவிட்டு இது பிள்ளைக்குப் பிடிக்காது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பத்து முறையோ அதற்கு மேலுமோ தேவைப்படுவது சாதாரணம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1987இல் பர்ச்சின் குழுவினர், சில உணவுகளைப் பார்க்க மட்டும் விட்டு, சிலவற்றைச் சுவைக்கவும் கொடுத்தனர். பார்த்துப் பழகிய உணவின் தோற்றம் பிடித்துப்போயிற்று, ஆனால் சுவை பிடித்துப்போகவில்லை. சுவை பிடிக்க வேண்டுமானால் அது நாக்கில் பட்டே ஆக வேண்டும். பட்டாணி அளவுத் துண்டு போதும். திணித்து ஊட்டும் கவளமோ எதிர்விளைவையே தருகிறது, ஏனெனில் அங்கே சுவையோடு சேர்ந்து பதிவாவது மிரட்டலும் அழுகையும்.

பிறர் உண்பதைப் பார்ப்பதும் துணிவு தருகிறது. எலிகளிடம் இதன் பொறிமுறையை பென்னட் கேலெஃப் வெகு நுட்பமாக அவிழ்த்தார். ஒரு தீனியைத் தின்றுவிட்டு வந்த எலியின் வாயை மற்றோர் எலி முகர்ந்தால், பின்னர் அதுவும் அந்தத் தீனியையே தேர்ந்தெடுக்கும். தீனியின் மணம் மட்டும் இருந்தால் போதாது. எலியின் மூச்சில் உள்ள கார்பன் டைசல்பைடு என்ற சேர்மமும் உடன் இருக்க வேண்டும். உயிரோடு மூச்சு விடும் ஒருவன் இதைத் தின்றிருக்கிறான் என்பதற்கான முத்திரை அது.

மனிதனிடம் இந்த முத்திரையைச் சொற்களும் இடுகின்றன. மார்ட்டின் இயோமன்ஸும் குழுவினரும் 2008இல், புகையூட்டிய சால்மன் மீனால் செய்த ஒரு குளிர்ந்த பண்டத்தை ஐஸ்கிரீம் என்று சொல்லிச் சிலருக்குக் கொடுத்தபோது அவர்கள் உப்பு அதிகம் என்று வெறுத்தனர். உறையவைத்த காரவகைப் பண்டம் என்று சொல்லிக் கொடுத்தபோது அதையே மற்றவர்கள் ஏற்றுக்கொண்டனர். 2005இல் வெளியான மற்றோர் ஆய்வில் ஒரே மணத்தைச் செடார் பாலாடைக்கட்டி என்ற பெயரோடு முகர்ந்தவர்களுக்கு அது இதமாகவும், உடல் நாற்றம் என்ற பெயரோடு முகர்ந்தபோது அருவருப்பாகவும் இருந்தது. மூளையின் முன்பகுதியில், விருப்பத்தை மதிப்பிடும் இடத்தில், செயல்பாடும் அதற்கேற்ப மாறியது. இது ஏதோ கற்பனை மயக்கம் என்று தள்ளிவிட முடியாது. அந்த மணத்தின் முதன்மைச் சேர்மமான ஐசோவலெரிக் அமிலம் பாலாடைக்கட்டியிலும் வியர்த்த பாதத்திலும் உண்மையிலேயே இருக்கிறது.

மிளகாய் இந்தக் கோட்பாடுகளுக்கெல்லாம் ஒரு படி மேலே போகிறது. அதிலுள்ள கேப்சைசின், ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேலான சூட்டை அறிவிக்கும் டிஆர்பிவி1 என்ற ஏற்பியைத் தூண்டுகிறது. 1997இல் இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசின் பங்கு கிடைத்தது. வாய் சுடுகிறது என்று நரம்பு அலற, சூடு எதுவும் இல்லை. வலி பொய்யான எச்சரிக்கை என்று மூளை பலமுறை கண்டு தெரிந்துகொண்ட பிறகு, அந்த வலியே இன்பமாகிறது என்பது ரோசின் தரும் விளக்கம். ஏற்பியின் கூருணர்வு பழக்கத்தால் ஓரளவு மங்குவதும் உண்மைதான், ஆனால் மங்குவது மட்டுமே காரணம் என்றால் காரத்தைத் தேடித் தேடி உண்பவர்கள் இருக்க மாட்டார்கள்.

எல்லா நாக்கும் ஒன்று போல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1931இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் தம் ஆய்வகத்தில் ஒரு பொடியைக் கொட்டியபோது, காற்றில் பறந்த துகள் கசக்கிறது என்று சக ஆய்வாளர் புகார் செய்ய, ஃபாக்ஸுக்கோ எதுவும் தெரியவில்லை. அந்தப் பொருளின் கசப்பை உணர்வதும் உணராததும் பெருமளவு ஒரே ஒரு கசப்பு ஏற்பியின் மரபணுவைச் சார்ந்தது என்பது பின்னர் உறுதியாயிற்று. கொத்தமல்லித் தழை சிலருக்குச் சோப்பு போல மணப்பதற்கும் மரபுக்கும் தொடர்பு உண்டு. பத்து முறை முயன்றும் பிடிக்காத உணவு உங்களுக்கு இருந்தால், உங்கள் தட்டில் இருப்பது மற்றவர் தட்டில் இருக்கும் அதே சுவையாக இல்லாமலும் இருக்கலாம்.

புதிய உணவைப் பசி இருக்கும்போது, பழகிய ஒன்றின் பக்கத்தில், சிறு அளவில் தொடங்குவது இந்தப் பொறிமுறைகளோடு ஒத்துப்போகிறது. நீல நரம்போடிய, வாடை மிகுந்த ஒரு பாலாடைக்கட்டியை நான் இப்படித்தான் அணுகினேன். முதல் தடவை நாக்கில் பட்டது அமோனியாவும் உப்பும் மட்டுமே. தண்ணீர் குடித்தும் போகவில்லை. மூன்றாவது தடவை பேரிக்காய்த் துண்டோடு விழுங்கினேன். ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, மெதுவாக மென்று மூக்கு வழியே மூச்சை விட்டபோது, அந்த வாடைக்கு அடியில் காளானும் வறுத்த பருப்பும் கலந்தாற்போல ஒரு மணம் இருப்பது தெரிந்தது. அது முதல் நாளும் அங்கே இருந்திருக்க வேண்டும்.