சொந்தமாகப் பீரங்கி செய்து சுடலாமா? அமெரிக்கச் சட்டம் சொல்வது இதுதான்

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர்க் காலத்துப் பீரங்கி மாதிரியே ஒன்றைச் செய்து, கருமருந்து கெட்டித்துச் சுட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "இதுக்கு லைசென்ஸ் வேண்டாமா?" என்றுதான். கூட்டாட்சிச் சட்டப்படி பீரங்கிக்கு வேண்டாம். கடையில் ஒரு கைத்துப்பாக்கி வாங்கவே பின்னணியைச் சோதிக்கிற நாட்டில் இது எப்படி என்று கேட்டால், எல்லாம் 1898 என்ற வருஷத்தில் இருக்கிறது.

1934-ல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம், அரை அங்குலத்துக்கு மேல் குழல் விட்டம் உள்ள ஆயுதங்களைப் பொதுவாக 'நாசகாரக் கருவி' என்று வகைப்படுத்தி, பதிவு, 200 டாலர் வரி என்று கேட்கிறது. பழம்பொருளுக்கு மட்டும் விலக்கு. 1898-லோ அதற்கு முன்போ செய்தது, அல்லது அந்தக் காலத்துத் திரியிலோ சக்கிமுக்கியிலோ பற்றுகிற ஆயுதத்தின் நகல், அதை நேற்றுதான் வார்த்திருந்தாலும் சரி, விலக்குக்குள் வந்துவிடும். ஆனால் வாய் வழியாக மட்டுமே மருந்து போடுகிறதாக இருக்க வேண்டும். பின்பக்கம் திறந்து இன்றைய தோட்டாவைப் போடும்படி மாற்றினால் விலக்கு போச்சு.

குண்டிலும் ஒரு கண் வேண்டும். வெறும் இரும்புக் குண்டு என்றால் பிரச்சினை இல்லை. உள்ளே கால் அவுன்ஸுக்கு மேல் வெடிமருந்து வைத்த குண்டு என்றால், அந்தக் குண்டே தனியாக நாசகாரக் கருவி ஆகிவிடும், பீரங்கிக்குக் கிடைத்த சலுகை அதற்கு ஒட்டாது.

உண்மையில் ஆட்கள் மாட்டிக்கொள்வது மருந்தில்தான். பழம்பொருள் ஆயுதத்தில் விளையாட்டு, பொழுதுபோக்கு, பண்பாட்டு நிகழ்ச்சி ஆகியவற்றுக்கு மட்டும் என்றால், 50 பவுண்டு வரை கருமருந்தைக் கூட்டாட்சி உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். 1970-ல் வெடிபொருள் சட்டம் வந்தபோது வரம்பு வெறும் 5 பவுண்டு. நெப்போலியன் என்று பெயர் பெற்ற, 12 பவுண்டு குண்டு போடும் பீரங்கிக்குப் போர்க்களத்தில் ஒரு வெடிக்கு இரண்டரை பவுண்டு போட்டார்கள் (இன்று சுடுகிறவர்கள் அதைவிட ரொம்பக் குறைவாகத்தான் போடுகிறார்கள்), அந்தக் கணக்கில் இரண்டே வெடியில் தீர்ந்துவிடும், அப்புறம்தான் வரம்பை ஏற்றினார்கள். ஆனால் இந்தச் சலுகை ஆலையில் தயாரித்து விற்கிற மருந்துக்கு மட்டும். வீட்டில் கலக்கிய மருந்து இதில் சேராது, அந்த வேலையே வேண்டாம். வாங்குகிற உங்களுக்கு உரிமம் தேவையில்லை, விற்கிறவருக்குத் தேவை. அதனால் மருந்து எல்லாக் கடையிலும் கிடைக்காது.

பத்திரப்படுத்துவது உள்ளூர் தீயணைப்பு விதியைப் பொறுத்தது. பல இடங்களில் வீட்டில் 20 பவுண்டுக்கு மேல் கூடாது, அதுவும் வாங்கிய டப்பாவிலேயே, ஓர் அங்குலப் பலகையில் செய்த மரப்பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

இன்னொன்று, எனக்கு விசித்திரமாகப் படுவது. குழல் வெடிக்காமல் தாங்குமா என்று சோதித்து முத்திரை போடும் கட்டாயம் அமெரிக்காவில் கிடையாது. பிரிட்டனில் அதற்கென்று 1868-லேயே சட்டம் உண்டு. 1844-ல் பிரின்ஸ்டன் என்ற போர்க்கப்பலில் பெரிய பீரங்கி ஒன்று வெடித்துச் சிதறி, இரண்டு அமைச்சர்கள் உட்பட ஆறு பேர் செத்த நாடு அமெரிக்கா. இன்று அந்தப் பொறுப்பைப் பழைய பீரங்கி சுடுகிறவர்களின் சங்கங்கள்தான் ஏற்றிருக்கின்றன. வார்ப்பிரும்புக் குழலுக்குள் மூட்டில்லாத எஃகுக் குழாய் செருகியிருக்க வேண்டும், ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஈரத் துடைப்பத்தை உள்ளே விட்டுக் கனல் ஒட்டாமல் துடைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுடைய விதி. கனல் இருக்கும்போது அடுத்த மருந்தைக் கெட்டித்தால், கெட்டிக்கும் கோலைப் பிடித்திருக்கிற கை போய்விடும்.

மாநிலச் சட்டமும் ஊர்ச் சட்டமும் வேறு வேறு. ஊர் எல்லைக்குள் சுடுவதற்குத் தடை இருக்கலாம், சத்தத்துக்கும் விதி இருக்கலாம். ஆகவே குழலுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், உள்ளூர் போலீஸிடமும் தீயணைப்பு அதிகாரியிடமும் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.