கண்ணாடியில் ஊரும் வெள்ளைப் புள்ளிகள்: காப்பர் ஊற்றும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்

மெரைன் டேங்க் (கடல்நீர் மீன்தொட்டி) வைத்து ஐந்தாறு வாரம் ஆன வீடுகளில் அடிக்கடி நடப்பது இது. இரவு விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்தால், கண்ணாடி முழுக்க ரவையைத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். உற்றுப் பார்த்தால் நகர்கின்றன. மறுநாள் காலையிலேயே "வெள்ளைப்புள்ளி நோய் வந்துவிட்டது" என்று காப்பர் மருந்தை வாங்கிவந்து தொட்டியில் ஊற்றிவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் நத்தைகள் கவிழ்ந்து விழுகின்றன, இறால் சாகிறது, தண்ணீர் நாறுகிறது. மீனுக்கோ முதலிலிருந்தே ஒரு நோயும் இல்லை.

வெள்ளைப்புள்ளி நோயைக் கொண்டுவரும் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் ஒருசெல் உயிரி. மீனின் தோலிலும் செவுளிலும் தின்று வளரும். சில நாளில் உதிர்ந்து மணலிலோ கல்லிலோ கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் பெருகி வெளிவரும் நீந்தும் நிலைக்கு ஓரிரு நாளுக்குள் ஒரு மீன் கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போகும். கூடு அசையாது. நீந்தும் நிலை வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கண்ணாடியில் ஊர்வதாக உங்கள் கண்ணில் படுவது அந்தக் கிருமியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நோயை மீனின் மேல்தான் தேட வேண்டும்: துடுப்பில் உப்புப் பொடி ஒட்டினாற்போல் புள்ளி, கல்லில் உடம்பை உரசுதல், செவுள் வேகமாக அடித்தல்.

காப்பர் மீனைக் காப்பாற்றும் மருந்துதான். லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் என்ற அளவில், மணலும் கல்லும் இல்லாத தனித் தொட்டியில், தினமும் டெஸ்ட் கிட்டால் அளந்து கொடுக்க வேண்டியது. அதே அளவை நத்தையும் இறாலும் அனிமோனும் (பூப்போன்ற கடல் உயிரி) தாங்காது. பெரிய தொட்டியில் ஊற்றினால் இன்னொரு சிக்கலும் உண்டு. சுண்ணாம்புக் கல்லும் சிப்பி மணலும் காப்பரை உறிஞ்சிக்கொள்ளும். டெஸ்ட் செய்தால் அளவு குறைவாகக் காட்டும், மேலும் ஊற்றுவார்கள். பிறகு அந்தக் கல்லிலிருந்து காப்பர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியலாம். அதில் மறுபடி இறால் விடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நன்னீர்த் தொட்டிக்காரர்கள் சொல்லும் கல் உப்பு வைத்தியமும் இங்கே உதவாது. இந்தக் கிருமிகள் உப்பு நீரிலேயே பிறந்தவை.

சரி, எப்படிப் பார்ப்பது? பம்பைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொண்டால் பூச்சிகள் அவ்வளவாக ஓடி ஒளியாது. நகை பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. மில்லிமீட்டர் போட்ட ஸ்கேலின் துண்டு ஒன்றைக் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டி, போனைக் கண்ணாடிக்கு நேராக, சாய்க்காமல் பிடித்துப் படம் எடுங்கள். படத்தை விட வீடியோவே மேல், ஏனென்றால் இந்த அளவில் உருவத்துக்கு முன்னால் அசைவுதான் அடையாளம் காட்டும். சந்தேகமானதை ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சால் உறிஞ்சி வெள்ளைச் சாசரில் விடுங்கள். தொட்டித் தண்ணீரிலேயே விட வேண்டும். குழாய்த் தண்ணீரில் விட்டால் சுருண்டு செத்து, அடையாளமே போய்விடும்.

தத்தித் தத்தி நகர்கிறதா? கண்ணாடியில் கொஞ்ச தூரம் வழுக்கி, நின்று, சட்டென்று ஒரு துள்ளு துள்ளி வேறிடத்தில் ஒட்டுகிறதா? அது கோப்பிபாட், இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த குட்டிப் பூச்சி. அளவு அரை முதல் இரண்டு மில்லிமீட்டர். லென்ஸில் பார்த்தால் முன்பக்கம் பருத்து, பின்பக்கம் ஒடுங்கிய துளி வடிவம். நெற்றி நடுவில் ஒரே ஒரு சிவப்புக் கண். வாலில் மெல்லிய முடிகள். கண்ணாடியில் அதிகம் காணும் ஹார்ப்பாக்டிகாய்டு வகையில், தாய்ப் பூச்சியின் வாலடியில் முட்டைப் பை கொத்தாகத் தொங்குவதைக் கூடப் பார்க்கலாம். அழுக்குப் படலத்தையும் பாசியையும் தின்று வாழ்கின்றன. மாண்டரின் மீனுக்கு முக்கியமான இரையே இவைதான். நம் வெள்ளாற்று முகத்துவாரத்தில் இவற்றைப் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தார் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். கண்ணாடியில் இவை திடீரென்று பெருகினால் தீனி அதிகமாகப் போடுகிறீர்கள் என்று பொருள். தீனியைக் குறையுங்கள், எண்ணிக்கை தானாக இறங்கும். கொல்ல எந்தக் காரணமும் இல்லை.

இதைவிடப் பெரிதாக, அரிசிக் குருணையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை, முதுகு வளைந்து, இறால் போலிருந்து, கண்ணாடியில் ஒருக்களித்துப் படுத்தபடி ஓடினால் ஆம்பிபாட். உடம்பு பக்கவாட்டில் தட்டையானது. இதுவும் துப்புரவுத் தொழிலாளிதான்.

ஐசோபாட் என்றால் நிதானமாகப் பார்க்க வேண்டும். இதன் உடம்பு மேலிருந்து அமுக்கினாற்போல் தட்டை. மில்லிமீட்டர் அளவில், சிலந்தி போல நீளக் கால்களுடன் மெதுவாக நடப்பது மன்னிட் வகை. பாசி தின்னி, விட்டுவிடலாம். ஆனால் மூன்று மில்லிமீட்டரில் தொடங்கி ஒரு சென்டிமீட்டர் வரை, தலையின் இரு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு பெரிய கரிய கண்கள், நேர்கோட்டில் விர்ரென்று நீச்சல் என்றால் அது சிரோலானிட். மீனின் மேல் ஏறிக் கடித்து இரத்தம் குடிக்கும். இரவில் மீன் துள்ளித் துள்ளி அலைவது, காலையில் அதன் தலைக்கருகில் சிவந்த புண் இருப்பது இதன் வேலையாக இருக்கலாம். மருந்தை நம்பாதீர்கள். மூடியில் மூன்று மில்லிமீட்டர் துளை போட்ட சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் இறால் துண்டு ஒன்றை வைத்து, விளக்கணைத்த பின் மணலில் கிடத்துங்கள். ஒரு மணி நேரத்தில் எடுத்து விடுங்கள். விடியும்வரை விட்டால் தின்றுவிட்டு வெளியேறிவிடும். பத்து நாள் தொடர்ந்து ஒன்றும் சிக்காத வரை டப்பாவை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

காலே தெரியாமல், ஒட்டிக்கொண்டு வழுக்கினால் தட்டைப்புழு. நிறமில்லாத, அரை எள் அளவுள்ளவற்றை விட்டுவிடலாம். துருப்பிடித்த செம்பழுப்பு நிறம், நான்கைந்து மில்லிமீட்டர் நீளம், பின்முனையில் இரண்டு மூன்று கூர்ப்பிரிவு என்றால் அது கன்வோலூட்ரிலோபா. கடைக்காரர்கள் ரெட் பிளானேரியா என்பது. உடம்புக்குள் பாசி வைத்திருப்பதால் வெளிச்சம் படும் இடமாகப் பார்த்துப் பரவும், பவளத்தின் மேல் படிந்து வெயிலை மறைக்கும். இங்கேதான் அவசரம் ஆபத்து. மாட்டுக்குக் கொடுக்கும் லெவமிசோல் கலந்த குடற்புழு மருந்தை ஊற்றினால் புழு சாகும். ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் சாகும்போது அவற்றின் உடம்பிலுள்ள நச்சு தண்ணீரில் கலந்து மீனையும் கொல்லும். முதலில் நான்கு மில்லிமீட்டர் ஏர் டியூப்பால் வாளிக்கு உறிஞ்சி எடுங்கள். மதியம், அவை வெளிச்சத்துக்கு வந்து கூடியிருக்கும் நேரத்தில், வாரம் இரண்டு முறை, ஒரு மாதம். எண்ணிக்கை நன்றாகக் குறைந்த பிறகும் மருந்து தேவைப்பட்டால், நச்சை உறிஞ்சும் புதிய கார்பனும் 25 சதவீதம் மாற்றத் தண்ணீரும் பக்கத்தில் தயாராக இல்லாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

நகராதவையும் பயமுறுத்தும். இரண்டு மில்லிமீட்டரில் நத்தை ஓடு போலச் சுருண்ட வெள்ளை வட்டங்கள் ஸ்பைரார்பிட் புழுவின் சுண்ணாம்புக் குழாய்கள். ஒன்றைப் பிளேடால் சுரண்டி வினிகர்ச் சொட்டில் போட்டால் நுரை கிளம்பும். கண்ணாடியில் இருக்கும்போது லென்ஸில் பொறுமையாகப் பார்த்தால் வாயிலிருந்து ஆரஞ்சு நிற இறகு விரியும். உங்கள் நிழல் விழுந்தால் உள்ளே போய்விடும். மீனுக்குத் தொல்லை இல்லை, பம்புக்குத்தான் தொல்லை. இம்பெல்லரில் (பம்பின் உள்ளே சுழலும் விசிறி) குடியேறி ஓட்டத்தைக் குறைக்கும். பாதி வினிகர், பாதி தண்ணீர் கலந்து பம்பை ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் சரியாகிவிடும்.

சின்னப் பனைமரம் போலத் தண்டும் உச்சியில் மட்டை மட்டையாகக் கைகளுமாக, பழுப்பும் கண்ணாடியுமான நிறத்தில் நிற்பது அய்ப்டேசியா என்னும் அனிமோன். இதை மட்டும் சுரண்டவே கூடாது. விட்டுப்போகும் துணுக்கு ஒவ்வொன்றும் புதிதாக முளைக்கும். நத்தைகளில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: உருண்டையாக, பழுப்புப் புள்ளியோடு இருந்தால் கொலோனிஸ்டா, நல்லது, அரிசி போல வெளுத்து நீண்ட கூம்பாக, பெரிய நத்தையின் ஓட்டு விளிம்பில் இரவில் கூட்டமாக ஒட்டியிருந்தால் பிரமிடெல்லிட், அதன் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணி. நத்தையை வெளியே எடுத்துப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து அகற்றுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்று உண்டு. வீராம்பட்டினத்திலோ தேவனாம்பட்டினத்திலோ கேனில் பிடித்துவந்த கடல்நீரை அப்படியே ஊற்றுகிறவர்களின் கண்ணாடியில், சில வாரத்தில் நடுவில் வாய் பிளந்த குட்டி எரிமலைகள் முளைக்கும். படகின் அடியில் பிடிக்கும் அதே கொட்டலசுதான். ஒட்டும் பருவத்துக் குஞ்சு அரை மில்லிமீட்டர்கூட வராது. வடிகட்ட வேட்டித் துணியை நம்ப முடியாது, 5 மைக்ரான் ஃபில்டர் பை வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமானால் இறால் குஞ்சு பொரிப்பகங்களின் வழியைப் பின்பற்றலாம்: 100 லிட்டருக்கு, வாசனை சேர்க்காத 5 சதவீதத் திரவ பிளீச் 20 மில்லி. ஒரு நாள் முழுக்க ஏர் ஓட்டி, மிச்சக் குளோரினை நீக்கும் சோடியம் தயோசல்பேட் சேர்த்து, குளோரின் டெஸ்டில் பூச்சியம் காட்டிய பிறகே தொட்டிக்கு.

ஐப்பசி, கார்த்திகையில் கரைத் தண்ணீர் வேண்டாம். தென்பெண்ணையும் கெடிலமும் சுண்ணாம்பாறும் வெள்ளத்தைக் கொட்டும்போது உப்பளவு இறங்கிவிடும். ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 காட்டாத தண்ணீரை மாற்றினால், நேற்றுவரை கண்ணாடியில் ஓடிய கோப்பிபாட் ஒரே இரவில் காணாமல் போகலாம். மருந்தே போடாமல் பூச்சிகள் மறைந்தால் முதலில் உப்பளவையும், பிறகு வெப்பநிலையையும் பாருங்கள்.

மன்னார் வளைகுடாவிலிருந்து உடைத்து வந்த "லைவ் ராக்" (உயிரிகள் ஒட்டியிருக்கும் பவளக் கல்) என்று யாராவது காட்டினால் வாங்காதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல் குதிரையும் அப்படியே. வைத்திருப்பதே குற்றம். அய்ப்டேசியாவும் சிரோலானிட்டும் பெரும்பாலும் அந்தக் கல்லில்தான் வந்து சேரும். காய்ந்த சுண்ணாம்புக் கல்லோ பீங்கான் கல்லோ வைத்துத் தொடங்குங்கள்.

கண்ணாடியின் வெளிப்பக்கம் மார்க்கரால் ஐந்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்று வரைந்து வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை, அதே நாள், விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, அதற்குள் ஊர்வதை எண்ணிக் குறித்து வாருங்கள். துள்ளுவது எத்தனை, வழுக்குவது எத்தனை என்று தனித்தனியாக. தட்டைப்புழுவுக்கு மட்டும் எண்ணிக்கையை மதியத்தில் எடுங்கள். அடுத்தடுத்த இரண்டு வாரம் செம்பழுப்புப் புழு இரட்டித்தால், ஏர் டியூப்பை எடுக்கும் நேரம் வந்துவிட்டது.