அதிகாலை ஐந்தரை மணி: வாக்குச்சாவடி அலுவலரும் முகவரும் வாக்காளரும் அறிய வேண்டியவை

வாக்குப்பதிவு காலை 7 மணிக்குத் தொடங்கும் என்றுதான் செய்திகளில் சொல்வார்கள். வாக்குச்சாவடிக்குள் இருப்பவர்களுக்கோ அது ஐந்தரை மணிக்கே தொடங்கிவிடுகிறது. அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியராகிய நான், தமிழ்நாட்டில் நடந்த சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் முதலில் விரலில் மை வைக்கும் இரண்டாம் நிலை அலுவலராகவும், பின்னர் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகவும் பணியாற்றியிருக்கிறேன். கூட்டம் நெரியும் பதினோரு மணியைப் பற்றித்தான் புதிதாகப் பணிக்கு வருபவர்கள் அஞ்சுகிறார்கள். என் அனுபவத்தில், திருத்தவே முடியாத தவறுகள் அந்த நேரத்தில் நடப்பதில்லை. வரிசையில் ஒருவர்கூட நிற்காத விடியற்காலையில்தான் நடக்கின்றன.

வாக்குப்பதிவுக்கு 90 நிமிடங்களுக்கு முன்பு வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்த வேண்டும். நோட்டா உட்பட ஒவ்வொரு பொத்தானுக்கும் வாக்கு விழும்படி குறைந்தது 50 வாக்குகளைப் பதிய வேண்டும். பிறகு கட்டுப்பாட்டுக் கருவியில் 'குளோஸ்' பொத்தானை அழுத்தி, 'ரிசல்ட்' பொத்தானால் முடிவைக் காட்டி, அதை, விழுந்த வாக்கைச் சீட்டாக அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவியின் பெட்டியில் விழுந்த சீட்டுகளோடு எண்ணிச் சரிபார்த்து, இறுதியில் 'கிளியர்' பொத்தானை அழுத்திக் கருவியைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். சீட்டுகளின் பின்புறம் 'மாதிரி வாக்குப்பதிவு' என்று முத்திரையிட்டு, கறுப்பு உறையில் போட்டு ஒட்டி, அந்த உறையைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து முத்திரையிட வேண்டும். பயிற்சி வகுப்பில் இதைக் கேட்கும்போது எல்லாருக்கும் எளிதாகத்தான் தோன்றும்.

நான் இரண்டாம் நிலை அலுவலராக இருந்த ஒரு தேர்தலில் முகவர்கள் தாமதமாக வந்தார்கள். மாதிரி வாக்குப்பதிவு முடியும்போது மணி ஏழாகப் பத்து நிமிடம் இருந்தது. வெளியே வரிசையில் நின்றவர்கள் குரல் எழுப்பத் தொடங்கியிருந்தார்கள். பதற்றத்தில் எங்கள் தலைமை அலுவலர் சீட்டுகளை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு, 'குளோஸ்', 'ரிசல்ட்', 'கிளியர்' எதையும் அழுத்தாமல், நேராகக் கருவியை மூடும் பச்சைத்தாள் முத்திரையைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது முகவர்களில் வயதில் மூத்தவர் ஒருவர், "சார், சீல் வைக்கிறதுக்கு முன்னாடி டோட்டல் ஒரு தடவை காட்டிடுங்க" என்றார். காட்டினோம். திரையில் 50 என்று நின்றது. அந்த மனிதர் கேட்டிருக்காவிட்டால் அந்த ஐம்பது வாக்குகளின் மேல்தான் ஊர் மக்களின் வாக்குகள் ஏறியிருக்கும்.

இதன் விளைவு பலருக்குத் தெரியாது. மாதிரி வாக்குகளை அழிக்காமல் பயன்படுத்திய கருவி வாக்கு எண்ணிக்கையின்போது தனியே எடுத்து வைக்கப்படும். வெற்றி வித்தியாசம் அத்தகைய சாவடிகளில் பதிவான மொத்த வாக்குகளைவிடக் கூடுதலாக இருந்தால், அவற்றை எண்ணாமலேயே முடிவை அறிவித்துவிடுவார்கள். சமமாகவோ குறைவாகவோ இருந்தால்தான் விவிபேட் சீட்டுகளை எண்ணுவார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வெயிலில் நின்று வாக்களித்த நூற்றுக்கணக்கானவர்களின் வாக்கு, ஒரு பொத்தானை அழுத்த மறந்ததால் எண்ணிக்கைக்கே வராமல் போகலாம். ஆகவே, இன்று நான் தலைமை அலுவலராக அமரும் ஒவ்வொரு முறையும், முகவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், 'டோட்டல்' சுழியம் என்பதையும் விவிபேட் பெட்டி காலி என்பதையும் அவர்கள் கண்ணால் பார்த்த பிறகே முத்திரையைத் தொடுகிறேன். முகவர்கள் வரவில்லையென்றால் 15 நிமிடம் காத்திருந்துவிட்டுத் தொடங்கலாம் என்பது விதி. அதை அறிந்து முகவர்களும் நேரத்துக்கு வர வேண்டும்.

கருவிகளை வைக்கும் இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விவிபேட் மீது நேரடி வெளிச்சம் பட்டால் அதன் உணரிகள் குழம்பிப் பிழை காட்டக்கூடும். வாக்களிக்கும் மறைவிடத்தைச் சன்னலுக்கு அருகில் அமைத்தால் ரகசியமும் கெடும். முதல்நாள் மாலை பள்ளி அறைக்குள் நுழைந்தவுடனேயே இந்த இரண்டையும் பார்த்து மேசைகளை மாற்றிவிட்டால், காலையில் அந்த வேலை இருக்காது.

பகலில் என்னை மிகவும் வருத்துவது வாக்காளருக்கு 'உதவி' என்ற பெயரில் நடப்பதுதான். பார்வையற்றவரோ உடல் தளர்ச்சியால் சின்னத்தை அறியவோ பொத்தானை அழுத்தவோ இயலாதவரோ 18 வயது நிறைந்த ஒருவரைத் துணையாக அழைத்துச் செல்லலாம் என்று தேர்தல் நடத்தும் விதிகளில் 49என் (49N) விதி சொல்கிறது. ஒருவர் அன்றைய நாளில் ஒரே ஒரு வாக்காளருக்கு மட்டுமே துணையாக இருக்க முடியும். வாக்கை ரகசியமாகக் காப்பேன் என்று அவர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாது என்பது மட்டும் துணைக்கு ஆள் கேட்கப் போதுமான காரணம் ஆகாது. பொத்தான்களுக்கு அருகில் பிரெயில் எண்கள் இருப்பதால், பார்வையற்றவர்களிலும் பலர் தாமாகவே வாக்களிக்கிறார்கள்.

ஒரு கிராமத்துச் சாவடியில், வயதான அம்மையார் ஒருவரின் கையைப் பிடித்து அழைத்து வந்த ஒருவர், "பாட்டிக்குக் கண்ணு சரியாத் தெரியாது சார், நானே போட்டுக் குடுத்துடறேன்" என்றார். அவரைச் சற்று விலகி நிற்கச் சொல்லிவிட்டு, அந்த அம்மையாரிடம் மாதிரி வாக்குச்சீட்டைக் காட்டி, "சின்னமெல்லாம் தெரியுதாம்மா?" என்று கேட்டேன். ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரியாகப் பெயர் சொன்னார். பொத்தானை அழுத்தினால் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும், அருகிலுள்ள பெட்டியின் கண்ணாடிக்குள் 7 விநாடிகள் சீட்டுத் தெரியும், பிறகு 'பீப்' என்று ஒலி கேட்கும் என்று சொல்லி அனுப்பினேன். தனியாகச் சென்றார், தனியாகத் திரும்பினார். அழைத்து வந்தவர் என்மீது கோபமாகத்தான் இருந்தார். துணை தேவையா என்பதை வாக்காளரிடமே கேளுங்கள், அழைத்து வந்தவரிடம் கேட்காதீர்கள் என்பதையே இளைய அலுவலர்களுக்கு நான் மீண்டும் மீண்டும் சொல்கிறேன். விளக்கம் சொல்வதானாலும் மறைவிடத்துக்கு வெளியே, மாதிரிச் சீட்டைக் கொண்டுதான் சொல்ல வேண்டும்.

அடுத்தது, தம் வாக்கை வேறொருவர் போட்டுவிட்டுப் போனதாகக் கண்டு அதிர்ந்து நிற்கும் வாக்காளர். '49பி' (49P) என்ற விதியின் பெயர் இப்போது தமிழ்நாட்டில் பரவலாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் அதில் என்ன கிடைக்கும் என்பது தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. தலைமை அலுவலர் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லித் தம் அடையாளத்தை நிறுவினால், அந்த வாக்காளர் தாளில் அச்சிட்ட வாக்குச்சீட்டில் வாக்களிக்கலாம். கருவியில் வாக்களிக்க முடியாது. அந்தச் சீட்டு தனி உறையில் வைக்கப்படும். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. தேர்தல் வழக்கில் நீதிமன்றம் ஆணையிட்டால்தான் பயன்படும். ஆகவே உண்மையான தடுப்பு, முதலில் வந்த அந்நியரை நிறுத்துவதில்தான் இருக்கிறது. அதற்காகவே முகவர் 2 ரூபாய் கட்டி ஒருவரின் அடையாளத்தை எதிர்க்கலாம் என்ற வழி வைக்கப்பட்டிருக்கிறது. முதல் நிலை அலுவலர் பெயரையும் வரிசை எண்ணையும் முகவர்களின் காதில் விழும்படி உரக்கப் படிப்பதும் இதற்காகத்தான்; களைப்பில் முணுமுணுப்பவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

வாக்காளர்கள் கையெழுத்திடும் 17ஏ பதிவேட்டுக் கணக்கும் கருவியின் கணக்கும் ஒத்துப்போகாமல் மாலையில் தலையில் கைவைத்து அமர்ந்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் நேர்வது இதுதான்: கையெழுத்திட்டு மை வைத்துக்கொண்ட ஒருவர் வாக்களிக்காமலேயே வெளியே போயிருப்பார். வாக்களிக்க விரும்பவில்லை என்றால் 49ஓ விதிப்படி பதிவேட்டில் குறிப்பெழுதி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வாக்கு விவரம் அனுப்பும்போதே இரண்டு எண்ணிக்கைகளையும் ஒப்பிட்டுவிட்டால், தவறு நடந்த நேரத்தையாவது அறிய முடியும்.

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு மாலை 6 மணி வரை நடந்தது. முடிவு நேரத்தில் வரிசையில் நிற்கும் அனைவருக்கும், கடைசியில் நிற்பவரிடமிருந்து தொடங்கி முன்னோக்கி, தலைமை அலுவலர் கையெழுத்திட்ட எண் சீட்டுகளைக் கொடுக்க வேண்டும். ஏழு மணியானாலும் எட்டு மணியானாலும் அவர்கள் வாக்களிப்பது உரிமை. "நேரம் முடிஞ்சிருச்சு" என்று யாராவது சொன்னால் வரிசையை விட்டு நகராமல் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் முடிந்த பின், பதிவான வாக்குகளின் கணக்காகிய 17சி படிவத்தை நிரப்பி, அதன் நகலை ஒவ்வொரு முகவருக்கும் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். கருவிகளின் அடையாள எண்களும் மொத்த வாக்குகளும் அதில் இருக்கும். எண்ணிக்கை நாளில் மேசைக்கு வரும் கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்க முகவர் கையில் இருப்பது அந்த ஒரு தாள்தான். ஆனால் நான் நகல்களை எழுதி முடிக்கும்போது, காலையில் ஆறு பேர் அமர்ந்திருந்த விசுப்பலகையில் இரண்டு பேரே இருப்பார்கள். முகவராக உட்காரும் இளைஞர்கள் அந்தத் தாளை வாங்கிய பிறகு எழுந்து செல்லுங்கள். தலைமை அலுவலர் மறந்திருந்தால் கேட்டு வாங்குங்கள்.