நெல்லுக்கு ஒரு கத்தி, கரும்புக்கு ஒரு கத்தி

வயலில் நிற்கும் ஒரு நெல்தாளைக் கத்தியால் மெதுவாகத் தள்ளினால் அது அறுபடாது, வளைந்து விலகிவிடும். கத்தி எவ்வளவு கூராக இருந்தாலும், தாள் நின்று கொடுத்தால்தான் உள்ளே இறங்கும். கையால் அறுப்பவர் இடக்கையால் தாள்களைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, கருக்கரிவாளை இழுத்து அறுக்கிறார். அந்த இடக்கையின் வேலையை எந்திரத்தில் எது செய்வது? அறுவடைக் கத்திகளின் வடிவம் எல்லாமே இந்தக் கேள்வியில் தொடங்குகிறது.

நெல், கோதுமை எந்திரங்களில் அந்த வேலையைச் செய்வது எதிர்க்கத்தி, அதாவது கத்திக்கு எதிரே நின்று தாளைத் தாங்கும் விளிம்பு. ஸ்காட்லாந்தின் பாட்ரிக் பெல் 1828இல் வயலில் ஓட்டிக் காட்டிய எந்திரத்தில், முன்னால் வரிசையாகக் கத்தரிக்கோல்களே இருந்தன. அமெரிக்காவில் ஓபெட் ஹஸி 1833இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இன்னும் எளிது: எதிர்க்கத்தியாக முன்னோக்கி நீட்டிய இரும்பு விரல்கள், அவற்றின் பிளவுகளுக்குள் இடமும் வலமும் ஓடும் முக்கோணக் கத்திகள். இன்றைக்கு நம் வயல்களில் இறங்கும் பெல்ட் வண்டி, டயர் வண்டி ஆகிய இரு வகை அறுவடை எந்திரங்களின் கட்டர் பாரும் (முன்னால் உள்ள வெட்டும் பகுதியும்) அடிப்படையில் அதேதான். விரல்களுக்கு இடையே உள்ள தூரம் பெரும்பாலும் 76.2 மில்லிமீட்டர், அதாவது 3 அங்குலம்.

முக்கோணம் ஏன்? நேராக மோதும் விளிம்பைவிடச் சாய்வாக வரும் விளிம்பு தாளைச் சிறிது சிறிதாக அறுப்பதால் விசை குறைவாகவே தேவைப்படும். ஆனால் சாய்வு கூடிப்போனால் தாள் வெட்டுவாயிலிருந்து வழுக்கி முன்னால் ஓடிவிடும். கத்திக்கும் எதிர்க்கத்திக்கும் இடையே உள்ள கோணம், தாளின் உராய்வு தாங்கும் அளவுக்குள் இருக்க வேண்டும். நெல்தாளின் தோலில் சிலிக்கா அதிகம். காய்ந்த தாள் வழவழப்பானது. அதனால்தான் விளிம்பில் பல் வெட்டுகிறார்கள். கருக்கரிவாளின் கருக்குக்கும் இதே வேலைதான். பசும்புல் அறுக்கும் எந்திரத்தில் மாறாக வழவழப்பான கத்தியே நல்லது, ஏனென்றால் புல்லின் சாறு பற்களின் இடுக்கில் அப்பி அடைத்துவிடும்.

கத்திக்கும் விரலுக்கும் இடையே உள்ள இடைவெளியை ஓட்டுநர்கள் பலர் கவனிப்பதில்லை. அது மில்லிமீட்டரில் ஒரு பங்காக இருக்கும்வரை தாள் சுத்தமாகத் துண்டாகும். தேய்ந்து அகன்றுவிட்டால் தாள் அந்த இடுக்கில் மடிந்து நுழைந்து, அறுபடாமல் கிழியும். புதுக் கத்தி மாட்டியும் சரியாக அறுக்கவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கரும்புக்கு இந்த வழி ஒத்துவராது. தடித்த தண்டு, சோகை (காய்ந்த இலை), மண், கல் எல்லாம் சேர்ந்து விரல்களை அடைத்துவிடும். அதனால் எதிர்க்கத்தியையே விட்டுவிட்டு வேகத்தை நம்புகிறார்கள். தண்டுக்கு எடை இருக்கிறது, அடிப்பகுதியை வேர் பிடித்திருக்கிறது. அது வளைந்து விலக நேரம் கொடுக்காமல் கத்தி கடந்துவிட்டால் வெட்டு முடிந்தது. எந்திரத்தின் அடியில் இரண்டு வட்டத்தட்டுகள் எதிரெதிராகச் சுழல்கின்றன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் நான்கைந்து கத்திகள் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். கத்திமுனை மையத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளியிருந்து, தட்டு நிமிடத்துக்கு 600 முறை சுற்றினால், முனையின் வேகம் நொடிக்குக் கிட்டத்தட்ட 19 மீட்டர்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு முக்கியம். ஐந்து கத்திகள், நொடிக்கு 10 சுற்று, ஆக நொடிக்கு 50 வெட்டு. எந்திரம் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையில் சுமார் 28 மில்லிமீட்டர் முன்னேறும். ஒரு கரும்பின் தடிமனும் ஏறக்குறைய அவ்வளவுதான். சுற்றைக் கூட்டாமல் ஓட்டத்தை மட்டும் கூட்டினால் ஒவ்வொரு கத்தியும் கடிக்க வேண்டிய அளவு கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில், கத்தி வந்து சேரும் முன் தட்டின் விளிம்பே கரும்பை முட்டி ஒடித்துவிடும். கத்தி தேய்ந்து குட்டையாகும்போதும் இதுவே நடக்கும். போதாததற்கு, வெட்டுக்கு முன்னால் ஓர் உருளை கரும்பை முன்பக்கம் சாய்க்கிறது. ஏற்கெனவே வளைந்து இறுகிய அடித்தண்டில் மழுங்கிய கத்தி மோதினால் அது நீளவாக்கில் பிளக்கும்.

இந்தப் பிளவைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். "எவ்வளவு டீசல் மிச்சம்?" என்பதை வைத்தே கத்தியின் திறனைப் பேசுகிறோம். ஆனால் கரும்பு எந்திரத்தில் சக்தியின் பெரும்பங்கை விழுங்குபவை தண்டைத் துண்டு போடுவதும், சோகையை ஊதித் தள்ளும் விசிறியும், உருளைகளும்தான். அடிக்கத்தியின் தரம் தெரிவது நிலத்தில் நிற்கும் கட்டையில். அடுத்த வருடத்து மறுதாம்பு அந்தக் கட்டையிலிருந்துதான் துளிர்க்க வேண்டும். பிளந்த கட்டை வழியே நோய் நுழையும். ஆட்டங்கண்ட தூர் காய்ந்துபோகும். உயர்த்தி வெட்டினாலும் நட்டம். முதிர்ந்த அடிக்கணுக்களில்தான் சர்க்கரை அதிகம், தரைக்கு மேலே துளிர்க்கும் முளைக்கோ நல்ல வேர்ப்பிடிப்பு இருக்காது.

எனவே தரையை ஒட்டியே வெட்ட வேண்டும், அப்படி வெட்டினால் கத்தி மண்ணில் உரசும். கூர்க்கோணத்தைக் குறைத்து மெல்லியதாகத் தீட்டினால் வெட்டும் விசை குறையும், ஆனால் முதல் கல்லிலேயே விளிம்பு உடையும். எஃகை மிகக் கடினமாக்கினால் கத்தியே முறியும், மென்மையாக விட்டால் மணல் அரித்துவிடும். இதற்கு எலிப்பல் ஒரு நல்ல விடை வைத்திருக்கிறது: முன்பக்கம் கடினமான எனாமல், பின்பக்கம் மென்மையான பொருள். பின்பக்கம் முந்தித் தேய்வதால் முனை எப்போதும் கூராக இருக்கும். தீவனப்பயிர் நறுக்கும் எந்திரங்களில் கத்தியின் ஒரு முகத்தில் மட்டும் டங்ஸ்டன் கார்பைடு பூசுவது இதே கொள்கையில்தான்.

கரும்பின் அடிக்கத்தியில் கையாளும் வழி எளிமையானது. கத்தி ஒரு நீள்சதுரப் பட்டை. ஒரு மூலை மழுங்கினால் கழற்றித் திருப்பி மாட்டலாம், நான்கு மூலையும் பயன்படும். எப்போது திருப்புவது என்பதைக் கட்டையே சொல்லிவிடும். நார் தொங்கினால் முனை மழுங்கிவிட்டது. நீளவாக்கில் பிளந்திருந்தால் கத்தியோடு ஓட்ட வேகத்தையும் பார்க்க வேண்டும். தூர் மண்ணோடு பெயர்ந்திருந்தால் தட்டு தாழ்ந்து ஓடுகிறது. வண்டி முதல் வரிசையை முடித்துத் திரும்பும்போதே இறங்கி இதைப் பார்த்துவிட்டால், மீதி வயலுக்குக் கத்தியை மாற்ற நேரம் இருக்கிறது.