கிழக்கு இடது பக்கம் இருக்கே, சார்ட் தப்பா?

வானம் பார்க்கக் கத்துக்குடுக்கிற வேலையில இருக்கிறதால புதுசா வர்றவங்களோட முதல் கேள்வி என்னவா இருக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும், எந்த டெலஸ்கோப் வாங்கலாம்னுதான் கேப்பாங்க. இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்கன்னு சொல்லிட்டு ஒரு பிளானிஸ்பியரைக் கையில குடுப்பேன். சுழலும் நட்சத்திர வரைபடம்னு சொல்றது இதைத்தான். ரெண்டு வட்டத் தகடு, நடுவுல ஒரு ஆணி, மேல் தகட்டுல முட்டை வடிவத்துல ஒரு ஜன்னல், அவ்ளோதான். பேட்டரி கிடையாது, சிக்னலும் தேவையில்ல. வாங்கிப் பார்த்த கொஞ்ச நேரத்துலயே யாராவது ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவாங்க, "இது தப்பா பிரிண்ட் ஆயிருக்குங்க, கிழக்கும் மேற்கும் இடம் மாறிக் கிடக்கு."

தப்பா பிரிண்ட் ஆகல. ஆனா இந்தச் சந்தேகம் தீராமலே வெளிய போய் நிக்கிறவங்கதான் ரெண்டு மூணு ராத்திரி முட்டி மோதிட்டு எனக்கு இதெல்லாம் வராதுன்னு ஒதுங்கிடுறாங்க. நான் பார்த்த வரைக்கும் ஆரம்பத்துலயே விட்டுடுறவங்கள்ல பெரும்பாலானவங்க கதை இதுதான், சார்ட்டை எப்படிப் பிடிக்கணும்னு யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க.

ஊரு ரோடெல்லாம் காட்டுற மேப்பை நாம மேல இருந்து கீழ பார்க்கிறோம், நட்சத்திர சார்ட்டை கீழ இருந்து மேல பார்க்கிறதுக்காக வரைஞ்சிருக்காங்க. இப்ப தெற்கு பார்த்து நில்லுங்க, உங்க இடது கை பக்கம் கிழக்கு. அப்படியே தலையைப் பின்னாடி சாய்ச்சு உச்சி வானத்தைப் பாருங்க, உச்சந்தலை வடக்குப் பக்கம் போயிடுச்சு, கிழக்கு இன்னும் இடது பக்கமேதான் இருக்கு. அதனாலதான் வடக்கை மேல வச்சா கிழக்கு இடது பக்கம் வருது. சார்ட்டைத் தலைக்கு மேல தூக்கி, பிரிண்ட் பண்ண பக்கம் உங்களைப் பார்க்கிற மாதிரி, வடக்குன்னு போட்ட ஓரத்தை நிஜ வடக்குப் பக்கமா வச்சுப் பாருங்க, நாலு திசையும் டக்குனு பொருந்திடும்.

எப்பவும் தலைக்கு மேலயே பிடிச்சுட்டு நிக்க முடியாது, கழுத்து போயிடும். நடைமுறையில பண்றது வேற. எந்தத் திசையைப் பார்த்து நிக்கிறீங்களோ அந்தத் திசை எழுதின ஜன்னல் ஓரத்தைக் கீழ கொண்டு வாங்க. ஜன்னலோட ஓரம்தான் தொடுவானம், ஜன்னலோட நடுப்பகுதி உங்க உச்சி. கிழக்கு பார்த்து நின்னா கிழக்கு ஓரம் கீழ, இப்ப அந்த ஓரத்துக்கு மேல உள்ள நட்சத்திரங்கதான் உங்க எதிர்ல தரையிலிருந்து மேல ஏறிட்டு இருக்கும். திரும்பி மேற்கு பார்த்தீங்கன்னா சார்ட்டையும் மொத்தமா திருப்பணும். இங்கதான் இன்னொரு சிக்கல், திருப்பும்போது ரெண்டு தகடும் சேர்ந்து திரும்பணும், ஒண்ணு மட்டும் வழுக்கிப் போச்சுன்னா நீங்க செட் பண்ணி வச்ச நேரமே மாறிடும், அதுக்கப்புறம் எதுவும் பொருந்தாது, சார்ட் சரியில்லன்னு திட்டுவாங்க. ஓரத்துல ஒரு சின்ன கிளிப் மாட்டிட்டா இந்தத் தொல்லை இல்ல.

நேரம் செட் பண்றது சுலபம். ஒரு தகட்டோட விளிம்புல வருஷத்தோட தேதி எல்லாம் இருக்கும், இன்னொண்ணுல மணி. இன்னிக்குத் தேதியையும் இப்ப மணியையும் நேருக்கு நேர் கொண்டு வந்தா ஜன்னல்ல தெரியுறதுதான் இந்த நிமிஷம் உங்க தலைக்கு மேல இருக்கிற வானம். ராத்திரி 12 தாண்டிட்டா அடுத்த நாள் தேதியை வைக்கணும், நிறைய பேர் மறந்துடுவாங்க, ஒரு நாள்தான்னா பெரிய வித்தியாசம் வராது, விடுங்க. கோடையில கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைக்கிற நாட்டுல இருந்தீங்கன்னா மட்டும் அந்த ஒரு மணி நேரத்தைக் கழிச்சுக்கோங்க, ஏன்னா ஒரு மணி நேரம்னா வானம் 15 டிகிரி சுத்திடும், அது கண்ணுக்கு நல்லாவே தெரியுற வித்தியாசம்.

எதுக்கு தேதியும் வேணும் மணியும் வேணும்? இதைப் புரிஞ்சுக்கிட்டா இந்தச் சக்கரத்தோட மொத்த சூட்சுமமும் புரிஞ்சிடும். பூமி ஒரு சுத்து சுத்தி அதே நட்சத்திரத்துக்கு நேரா திரும்ப வர்றதுக்கு 23 மணி 56 நிமிஷம் 4 செகண்ட் ஆகுது, நம்ம கடிகாரம் சூரியனை வச்சு 24 மணின்னு ஓடுது. அந்த நாலு நிமிஷ வித்தியாசத்தால ஒவ்வொரு நட்சத்திரமும் நேத்தைவிட இன்னிக்கு நாலு நிமிஷம் முன்னாடியே உதிக்கும், ஒரு மாசத்துல அது ரெண்டு மணி நேரம் ஆயிடும். டிசம்பர் 15 நள்ளிரவுல ஓரியன்ங்கிற வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டம் எங்க நிக்குதோ, ஜனவரி 15 ராத்திரி 10 மணிக்கும் பிப்ரவரி 15 ராத்திரி 8 மணிக்கும் கிட்டத்தட்ட அங்கயேதான் நிக்கும். சார்ட்ல மூணையும் செட் பண்ணிப் பாருங்க, தகடு ஒரே இடத்துல வந்து நிக்கும். ஆப்ல போனைத் தூக்கிக் காமிச்சா பேரு வரும், ஒத்துக்கறேன், நானும் யூஸ் பண்றேன், ஆனா இந்த ஓட்டம் விரல்ல உறைக்கிறது சக்கரத்தைக் கையால சுத்தும்போதுதான்.

சுத்தும்போது ஆணி இருக்கிற இடத்தைக் கவனிங்க. விரிச்ச குடையைத் தோள்ல சாய்ச்சு வச்சு காம்பைத் திருகினா நடு உச்சி அங்கயே நிக்கும், ஓரம் மட்டும் பெரிய வட்டம் போடும்ல, அதே கதைதான். வடக்கு அரைக்கோளத்துக்கான சார்ட்ல அந்த ஆணி வட வான துருவம், துருவ நட்சத்திரம் அதுக்கு ஒரு டிகிரிக்கும் குறைவான தூரத்துல ஒட்டிட்டு இருக்கு. அதுதான் வானத்துலயே பிரகாசமான நட்சத்திரம்னு நினைச்சுத் தேடுறவங்க ஏமாந்துடுவாங்க, பிரகாசத்துல முதல் நாப்பதுக்குள்ளகூட அது வராது. சப்தரிஷி மண்டலத்தோட கரண்டிக் கிண்ணத்துல வெளி ஓரமா இருக்கிற ரெண்டு நட்சத்திரம், மெராக், துபே, அந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள தூரத்தை அதே திசையில அஞ்சு தடவைக்கு மேல நீட்டினா துருவ நட்சத்திரத்துல போய் நிக்கும். தெற்கு அரைக்கோளத்துக்கான சார்ட்ல ஆணி தென் துருவத்துல இருக்கும், அங்க அடையாளம் காட்ட பளிச்சுனு ஒரு நட்சத்திரமும் இல்ல.

வாங்குறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், அந்த சார்ட் எந்த அட்சரேகைக்குப் போட்டதுங்கிறது. ஜன்னலோட வடிவமே அட்சரேகையை வச்சுத்தான் வெட்டுறாங்க. 50 டிகிரி வடக்குக்குப் போட்ட சார்ட்டை 10 டிகிரியில வச்சுப் பார்த்தா, தெற்குல நல்லா தெரியுற அகத்தியர் நட்சத்திரம், அதாவது கனோபஸ், இரவு வானத்துல சிரியஸுக்கு அடுத்தபடியா பிரகாசமானது, அது சார்ட்லயே இருக்காது, வடக்குல பாதி நேரம் தொடுவானத்துக்குக் கீழ போயிடுற நட்சத்திரங்க எப்பவுமே மறையாதுன்னு காட்டும். அஞ்சு டிகிரி முன்னப்பின்ன இருந்தா பரவாயில்ல. உங்க இடம் எத்தனை டிகிரின்னு தெரிஞ்சுக்க வடக்கு அரைக்கோளத்துல ஒரு வழி இருக்கு, துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்துல இருக்கோ ஏறக்குறைய அதுதான் உங்க அட்சரேகை.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு இன்னொரு தலைவலி இருக்கு, இதைப் பத்தி யாரும் அதிகமா பேசுறதில்ல. உருண்டையான வானத்தைத் தட்டையாக்கும்போது ஆணியிலிருந்து தூரம் போகப் போக உருவங்க பக்கவாட்டுல இழுபடும். சாதாரணமா பயன்படுத்துற சம இடைவெளி முறையில, அதாவது ஆணியிலிருந்து ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரே தூரம் விடுற முறையில, வான நடுவரைகிட்டயே, அதாவது பூமத்திய ரேகைக்கு நேர் மேல வானத்துல போற கோட்டுகிட்டயே, ஒன்றரை மடங்கு இழுபடும், அதுக்குத் தெற்கே 40 டிகிரி போனா கிட்டத்தட்ட மூணு மடங்கு. அதனால விருச்சிகம் வானத்துல அவ்ளோ அழகா கொடுக்கைச் சுருட்டிட்டு நிக்கும், சார்ட்ல தேடினா பரந்து விரிஞ்சு என்னவோ மாதிரி கிடக்கும், ஆள் அடையாளமே தெரியாது. வடக்குக்கு ஒரு பக்கம், தெற்குக்கு ஒரு பக்கம்னு ரெண்டு பக்கமும் அச்சடிச்ச சார்ட் இருக்கு, குறைஞ்ச அட்சரேகையில இருந்தீங்கன்னா அதையே வாங்குங்க, என்னோட கறாரான கருத்து இது.

அளவுதான் அடுத்த அதிர்ச்சி. சார்ட்ல ஓரியன் ஒரு விரல் நீளம்கூட இருக்காது, நிஜத்துல அதோட தோள்ல இருக்கிற திருவாதிரையிலிருந்து கால்ல இருக்கிற ரைஜல் நட்சத்திரம் வரைக்கும் சுமார் 19 டிகிரி. கையை முழுசா நீட்டி முஷ்டியை மடக்கினா அதோட அகலம் 10 டிகிரி, நடு மூணு விரல் சேர்ந்தா 5, சுண்டு விரல் 1. ஆக ஓரியன் கிட்டத்தட்ட ரெண்டு முஷ்டி. சின்னதா ஏதோ ஒரு மூலையில இருக்கும்னு தேடிட்டு இருப்பாங்க, அது எதிர்ல இவ்ளோ பெருசா நின்னுட்டு இருக்கும். முழு நிலாவோ அரை டிகிரிதான், சுண்டு விரலால மறைச்சுடலாம், நம்ப மாட்டாங்க, அடுத்த பௌர்ணமிக்குச் செஞ்சு பாருங்க.

முதல் ராத்திரிக்கு நல்ல இருட்டான இடமா தேடி அலையாதீங்கன்னு நான் சொன்னா சக வானியல் ஆர்வலர்கள் சிலர் சண்டைக்கு வருவாங்க. ஆனா நிஜமாவே இருட்டுல வெறுங்கண்ணுக்கு ஆறாம் பருமன் வரைக்கும் தெரியும் (பருமன்னா நட்சத்திரப் பிரகாசத்தோட அளவு, எண் ஏற ஏற மங்கல்), ஆயிரக்கணக்கான புள்ளி, சார்ட்ல இருக்கிற கோடெல்லாம் அதுல கரைஞ்சு போயிடும். ஊர் வெளிச்சத்துல மூணு, நாலாம் பருமனோட நின்னுடும், பெரிய பெரிய நட்சத்திரங்க மட்டும்தான் மிஞ்சும், புதுசா கத்துக்கிறவங்களுக்கு அது நல்லது. சார்ட்ல பெரிய புள்ளின்னா பிரகாசம் அதிகம், பருமன் எண் குறைச்சல், அஞ்சு பருமன் வித்தியாசம்னா வெளிச்சம் நூறு மடங்கு. பெரிய புள்ளியை மட்டும் எடுத்துக்கோங்க, ஒரு ராத்திரிக்கு ஒரு கூட்டம் போதும், அங்கிருந்து தாவுங்க. ஓரியன் பெல்ட்ல வரிசையா மூணு நட்சத்திரம் இருக்குல்ல, அந்தக் கோட்டை ஒரு பக்கம் நீட்டினா சிரியஸ், மறுபக்கம் நீட்டினா ரோகிணி, இன்னும் கொஞ்சம் போனா கார்த்திகைக் கூட்டம். ஒரு கோட்டுல நாலு இடம் முடிஞ்சுது.

சார்ட்ல இல்லாத ஒரு பளிச்சுனு நட்சத்திரம் வானத்துல நிக்குதா? பதறாதீங்க, அது கிரகம். கிரகங்க இடம் மாறிட்டே இருக்கிறதால சார்ட்ல அச்சடிக்க முடியாது, ஆனா எல்லாம் சூரியப் பாதைங்கிற, வருஷம் முழுக்க சூரியன் நகர்ற வழியை சார்ட்ல காட்டுற வளைஞ்ச கோட்டை ஒட்டித்தான் நடமாடும், நிலாவும் அந்தக் கோட்டிலிருந்து 5 டிகிரி சொச்சம் தாண்டாது. அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல, அதிகமா மினுக்காம, சார்ட்ல இல்லாம ஒண்ணு இருந்தா முடிவு பண்ணிடலாம். சாயங்காலம் மேற்குலயோ விடியக்காலம் கிழக்குலயோ ரொம்பப் பளிச்சுனு இருந்தா பெரும்பாலும் வெள்ளி, அது சூரியனை விட்டு 47 டிகிரிக்கு மேல விலகிப் போகாது, நடு ராத்திரி உச்சியில வெள்ளியைப் பார்த்தேன்னு யாராவது சொன்னா அது வேற எதுவோ. புள்ளி அளவையும் வேதவாக்கா எடுத்துக்காதீங்க, திருவாதிரை 2019 கடைசியில மங்க ஆரம்பிச்சு 2020 பிப்ரவரியில வழக்கத்தைவிட ரொம்பவே மங்கிப் போச்சு, சார்ட்ல அது அதே பெரிய புள்ளியாதான் இருந்துச்சு.

சார்ட் படிக்க போன் டார்ச் அடிக்கிறதை மட்டும் தயவுசெஞ்சு நிறுத்துங்க. கண்ணு இருட்டுக்குப் பழக 20 லிருந்து 30 நிமிஷம் ஆகும், ஒரு தடவை வெள்ளை வெளிச்சம் பட்டா பக்கத்துல நிக்கிறவங்களுக்கும் சேர்த்து எல்லாம் போச்சு. மங்கலான சிவப்பு வெளிச்சம் போதும், டார்ச் முன்னாடி சிவப்பு செல்லோபேன் ரெண்டு மூணு மடிப்பு சுத்தினாலே வேலை ஆயிடும், இருட்டுல வேலை செய்யுற கண்ணு செல்லுங்க சிவப்பை அதிகமா கண்டுக்காது.

மேகம் மூடின ராத்திரியிலயும் இந்தச் சக்கரத்துக்கு வேலை இருக்கு, சொல்லப்போனா நான் இதை வீட்டுக்குள்ளதான் அதிகமா சுத்துறேன். ஓரியனை மேற்கு ஓரத்துக்குக் கொண்டு போங்க, கிழக்கு ஓரத்துல விருச்சிகம் தலை நீட்டும், ஏன் ரெண்டையும் ஒண்ணா உசரத்துல பார்க்க முடியலன்னு புரியும். சுவாதி நட்சத்திரம் இந்த மாசம் எத்தனை மணிக்கு உதிக்கும்னு வேணுமா, அதைக் கிழக்கு ஓரத்துல வச்சு தேதிக்கு நேரா உள்ள மணியைப் படிங்க. 24 மணியும் போட்ட சார்ட்டா இருந்தா இன்னொண்ணும் பண்ணலாம், இன்னிக்குத் தேதியை நண்பகல் 12க்கு நேரா வையுங்க, ஆணியிலிருந்து தெற்கு ஓரத்துக்குப் போற நேர்கோட்டை சூரியப் பாதை வெட்டுற இடத்துலதான் இன்னிக்கு சூரியன் இருக்கு, அந்தப் புள்ளியை மேற்கு ஓரம் வரைக்கும் சுத்துங்க, சூரியன் மறையுற நேரம் கிடைச்சுடும். கால் மணி, அரை மணி தள்ளி வரலாம், ஏன்னா நாடு முழுக்க ஒரே கடிகாரம், ஆனா மேற்கே ஒவ்வொரு டிகிரிக்கும் வானம் நாலு நிமிஷம் லேட், அதோட சூரியனும் கடிகாரத்தோட வருஷம் முழுக்க ஒத்துப்போகாது, 16 நிமிஷம் வரைக்கும் முன்னப்பின்ன போகும்.

பழைய சார்ட் கிடைச்சா யோசிக்காம வாங்கலாம். பூமியோட அச்சு மெதுவா தலையாட்டுறதால நட்சத்திர இடங்க மாறுறது உண்மைதான், ஆனா அது 72 வருஷத்துக்கு ஒரு டிகிரி வேகம், உங்க ஆயுசுக்குத் தாங்கும்.

சார்ட் இல்லாமலே ஒரு பத்துப் பதினஞ்சு நட்சத்திரத்தைப் பேர் சொல்லிக் காட்ட முடியுதுன்னா அப்புறம் டெலஸ்கோப்பைப் பத்திப் பேசலாம், அதுக்கும் முன்னாடி 7x50 இல்லன்னா 10x50 பைனாகுலர் ஒண்ணு (முதல் எண் எத்தனை மடங்கு பெருசாக்கும்னு, ரெண்டாவது முன் லென்ஸோட அகலம் மில்லிமீட்டர்ல), கார்த்திகையை அதுல பார்த்துட்டு வாங்க, வெறுங்கண்ணுக்கு ஆறு ஏழுதான் தெரியும், அதுல டஜன் கணக்குல வரும். பகல்ல மட்டும் அதை சூரியன் பக்கம் திருப்பவே கூடாது, வீட்டுல குழந்தைங்க இருந்தா பூட்டியே வையுங்க.